மூன்று அணாவும் பதினைந்து அணாவும்

1963 ஆகஸ்டில் மக்களவையில் ஒரு கணக்குத் தகராறு வெடித்தது. இந்தியாவின் ஏழை ஒருவன் ஒரு நாளை எத்தனை அணாவில் ஓட்டுகிறான்? மூன்று அணா என்றார் அப்போதுதான் அவைக்குள் நுழைந்திருந்த எதிர்க்கட்சி உறுப்பினர் ராம் மனோகர் லோகியா. பிரதமர் ஜவாஹர்லால் நேரு அதை மறுத்தார். திட்டக் குழுவின் கணக்குப்படி பதினைந்து அணா என்றார்.

இரண்டு பேரும் ஒரே நாட்டைப் பற்றித்தான் பேசினார்கள், ஒரே ஆண்டைப் பற்றித்தான் பேசினார்கள். இருந்தும் ஒருவர் சொன்ன எண் இன்னொருவர் சொன்னதைப்போல் ஐந்து மடங்கு. அடுத்த சில வாரங்களுக்கு அரசாங்கம் இந்த இடைவெளிக்கு விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று.

1957 ஏப்ரலிலேயே தசம நாணய முறை வந்துவிட்டது. ரூபாய்க்கு நூறு நயா பைசா என்று அரசு மாற்றிவிட்டது. ஆனாலும் சந்தையிலும் வீட்டிலும் ஜனங்கள் பதினாறு அணாக் கணக்கை விடவில்லை. லோகியாவும் அவர்களுடைய கணக்கிலேயே பேசினார். மூன்று அணா என்பது ஏறத்தாழ 19 பைசா. பதினைந்து அணா என்பது 94 பைசா.

அந்த விவாதம் எழுந்த சூழலைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1962 அக்டோபரில் தொடங்கிய சீனப் போரில் இந்தியா தோற்றுப் போயிருந்தது. நேருவின் செல்வாக்கு முதல் முறையாக ஆட்டம் கண்டிருந்தது. 1962 பொதுத் தேர்தலில் காங்கிரஸ் 494 இடங்களில் 361ஐப் பிடித்திருந்தாலும், 1963 மே மாத இடைத்தேர்தல்களில் மூன்று பெரிய தலைகள் எதிர்வரிசைக்கு வந்து சேர்ந்தன. அம்ரோகாவில் ஆச்சார்ய கிருபளானி, ராஜ்கோட்டில் சுதந்திராக் கட்சியின் மினு மசானி, ஃபரூக்காபாத்தில் லோகியா. ஆகஸ்டில் கிருபளானி நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார். சுதந்திர இந்தியாவின் மக்களவை விவாதித்த முதல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் அது. நான்கு நாட்கள், 21 மணி நேரத்துக்கும் மேல் விவாதம் நடந்தது. வாக்கெடுப்பில் ஆதரவு 62, எதிர்ப்பு 347. முடிவு என்ன என்பது முதல் நாளே எல்லோருக்கும் தெரியும். எண்ணிக்கையில் தோற்கப்போகிற விவாதத்தை எதிர்க்கட்சி எதற்காக நடத்த வேண்டும் என்று கேட்பவர்களுக்கு லோகியாவின் மூன்று அணாப் பேச்சைத்தான் பதிலாகக் காட்ட வேண்டும்.

தமிழ் வாசகர்களில் பலருக்கு லோகியா என்றதும் நினைவுக்கு வருவது ஆங்கிலத்தை அகற்று என்ற அவருடைய இயக்கம்தான். அதில் அவரோடு தமிழகத்துக்கு இருந்த பகை நியாயமானது. அந்தப் பகையின் நிழலில் அவருடைய இன்னொரு முகம் நம்மிடம் சரியாக வந்து சேரவில்லை. வரியையும் செலவையும் வாழ்நாள் முழுக்கத் துரத்தியவர் அவர்.

1910இல் உத்தரப் பிரதேசத்தின் அக்பர்பூரில் பிறந்த லோகியா, பெர்லினில் முனைவர் பட்ட ஆய்வு செய்தபோது எடுத்துக்கொண்ட பொருள் இந்தியாவின் உப்பு வரி. காந்தியின் தண்டி யாத்திரை நடந்து முடிந்திருந்த காலம். ஏழையின் கஞ்சிக்குள் கையை விடுகிற வரி எப்படி வேலை செய்கிறது என்பதை இளம் வயதிலேயே புள்ளிவிவரங்களோடு படித்தவர் அவர். சுதந்திரத்துக்குப் பிறகும் அதை விடவில்லை. 1954இல் உத்தரப் பிரதேச அரசு பாசனக் கால்வாய்த் தண்ணீருக்கான கட்டணத்தை உயர்த்தியபோது, உயர்த்திய தொகையைக் கட்டாதீர்கள் என்று விவசாயிகளிடம் மேடையேறிச் சொன்னார். அரசுக்குச் செலுத்த வேண்டியதைக் கட்ட வேண்டாம் என்று தூண்டுவதைக் குற்றமாக்கிய 1932ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, ஆங்கிலேயர் விட்டுச் சென்றது, கைவசம் இருந்தது. அதைக் கொண்டு அவரைக் கைது செய்து ஃபதேகர் மத்தியச் சிறையில் அடைத்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1960இல் அந்தச் சட்டப் பிரிவு பேச்சுரிமைக்கு எதிரானது என்று நீதிமன்றம் செல்லாததாக்கியது. பேச்சுக்கும் பொது ஒழுங்கு கெடுவதற்கும் நெருங்கிய தொடர்பு இருந்தால்தான் பேச்சைத் தடுக்கலாம் என்ற அந்தத் தீர்ப்பைச் சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். ஃபதேகர் என்பது ஃபரூக்காபாத் மாவட்டத்தின் தலைநகரம். தண்ணீர் வரிக்காக எந்த மாவட்டத்தில் சிறையில் இருந்தாரோ அந்த மாவட்டத்தின் மக்கள்தான் 1963இல் அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள்.

அவர் அவைக்கு வந்த ஆண்டின் பட்ஜெட்டும் சாதாரணமானதல்ல. போருக்குப் பிந்தைய முதல் பட்ஜெட். நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் பாதுகாப்புக்கு 867 கோடி ரூபாய் ஒதுக்கினார். அதற்குப் பணம் திரட்டப் புதிய வரிகள் வந்தன. நிறுவனங்களின் மிகை லாபத்துக்கு ஒரு வரி. அதோடு கட்டாய வைப்புத் திட்டம் என்று ஒன்று. வருமான வரி கட்டுபவர்கள் மட்டுமல்ல, நிலவரி கட்டும் விவசாயிகளும், கடைக்காரர்களும், ஆண்டுக்கு 1,500 ரூபாய்க்கு மேல் சம்பளம் வாங்கும் ஊழியர்களும் அரசிடம் பணம் போட்டுவைக்க வேண்டும், சில ஆண்டுகள் கழித்து வட்டியோடு திரும்பக் கிடைக்கும். மாதம் 125 ரூபாய்க்குச் சற்று மேல் சம்பளம் வாங்கியவர்கூட அந்த வலையில் விழுந்தார். மண்ணெண்ணெய்க்கும் வரி கூடியது. அந்த ஆண்டு ஜனவரியிலேயே தங்கக் கட்டுப்பாடு வந்து, 14 காரட்டுக்கு மேல் புதிய நகை செய்யக் கூடாது என்றாகிவிட்டதால் நாடு முழுவதும் பொற்கொல்லர்கள் வேலை இழந்து தவித்தார்கள்.

நாட்டைக் காக்கப் பணம் வேண்டும் என்பதில் லோகியாவுக்கு மாறுபாடு இல்லை. அவருடைய கேள்வி வேறு. யாரிடமிருந்து எடுக்கிறீர்கள், எடுத்ததை யாருக்காகச் செலவிடுகிறீர்கள்?

இந்த இரண்டு கேள்விகளையும் அவர் இரண்டு எண்களாக மாற்றினார். முதல் எண்: 27 கோடி இந்தியர்கள் நாளொன்றுக்கு மூன்று அணாவில் வாழ்கிறார்கள். இரண்டாவது எண்: பிரதமருக்காக நாளொன்றுக்கு 25,000 ரூபாய் செலவாகிறது. 25,000 ரூபாய் என்றால் நான்கு லட்சம் அணா. லோகியாவின் கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டால் 1,33,000 பேரின் ஒரு நாள் வாழ்வு.

இரண்டாவது எண் அப்போதும் சரி, பின்னரும் சரி, பெரிய சர்ச்சைக்கு உள்ளானது. ஒரு பிரதமரின் பாதுகாப்பும் பயணமும் அலுவலகமும் தனிமனிதச் சுகம் ஆகிவிடாது. அந்தத் தாக்குதலில் நியாயத்தைவிடக் கோபம் கூடுதல் என்றே சொல்ல வேண்டும். நேருவைத் தனிப்பட்ட முறையில் குறிவைத்த பேச்சு பத்திரிகைகளில் பெரிய தலைப்பாக வந்தது, உண்மை. ஆனால் அரசாங்கத்தை உண்மையில் தடுமாற வைத்தது முதல் எண்தான்.

நேருவின் பதினைந்து அணா எங்கிருந்து வந்தது என்பதைப் போட்டுப் பார்த்தால் புரியும். நாளுக்குப் பதினைந்து அணா என்றால் ஆண்டுக்குச் சுமார் 342 ரூபாய். 1961 மக்கள் தொகைக் கணக்குப்படி நாட்டில் 43.9 கோடிப் பேர். இரண்டையும் பெருக்கினால் கிட்டத்தட்ட 15,000 கோடி ரூபாய், அதாவது அன்றைய மொத்த தேசிய வருமானத்தின் அளவு. நாட்டின் வருமானம் முழுவதையும் தலைக்கு இவ்வளவு என்று வகுத்தால் கிடைக்கிற எண் அது. பொய்யான எண் அல்ல. ஆனால் அந்த வகுத்தலில் பம்பாயின் ஆலை முதலாளியும் பீகாரின் நிலமற்ற கூலியும் சரிசமமாக நிற்கிறார்கள். ஐந்து வீடுகள் உள்ள தெருவில் ஒரு வீட்டுக்கு நூறு ரூபாயும் மற்ற நான்கு வீடுகளுக்கு ஐந்தைந்து ரூபாயும் வந்தால், தெருவின் சராசரி 24 ரூபாய். அந்தத் தெருவில் 24 ரூபாய் வருமானமுள்ள வீடு ஒன்றுகூட இல்லை.

லோகியா கேட்டது கீழே இருக்கிற 27 கோடிப் பேரைப் பற்றி. மக்கள் தொகையில் ஏறக்குறைய அறுபது விழுக்காடு. அவர்களைப் பற்றிய கேள்விக்கு எல்லோருடைய சராசரியையும் பதிலாகச் சொல்வது பதில் ஆகாது என்பதுதான் அவருடைய வாதம். நம்பிக்கையில்லாத் தீர்மானம் ஆகஸ்ட் 22ஆம் தேதி தோற்ற பிறகும் இந்த வாதம் அடங்கவில்லை. செப்டம்பர் 6ஆம் தேதி இதற்கென்றே மக்களவையில் தனியாக விவாதம் நடந்தது. அன்று அரசின் சார்பில் பேசிய திட்ட அமைச்சர் குல்சாரிலால் நந்தா, கீழ்த்தட்டு அறுபது விழுக்காட்டினரின் நாள் கணக்கு ஏழரை அணா என்றார்.

பதினைந்து அணா ஏழரை அணாவானது. இரண்டு வாரங்களில் அரசு தன்னுடைய எண்ணைச் சரிபாதியாகக் குறைத்துக்கொண்டது. லோகியாவின் வெற்றி என்று எதையாவது சொல்வதானால் இதைத்தான் சொல்ல வேண்டும். மூன்று அணாவை அவர் நிரூபித்துவிடவில்லை. ஆனால் சராசரிக்குள் ஒளிந்திருந்த கோடிக்கணக்கானவர்களைத் தனியே பிரித்து எண்ணும்படி அரசாங்கத்தை வற்புறுத்தினார்.

நந்தாவின் எண்ணை வைத்தே மீதிக் கணக்கையும் போடலாம். கீழேயுள்ள 27 கோடிப் பேருக்கு நாளுக்கு ஏழரை அணா என்றால் ஆண்டுக்குச் சுமார் 4,600 கோடி ரூபாய். 15,000 கோடியில் அது போக எஞ்சியது 10,400 கோடி. அது மேலேயுள்ள 17 கோடிப் பேருக்கு. அவர்களுக்கு நாளுக்குச் சராசரி 27 அணா. ஏழரைக்கும் இருபத்தேழுக்கும் நடுவிலுள்ள இந்தப் பிளவு பதினைந்து என்ற ஒற்றை எண்ணில் எங்கேயும் தெரியாது. அந்த மேல் 17 கோடியிலும் பெரும்பாலானவர்கள் நடுத்தரக் குடும்பங்கள்தான். உச்சியில் இருந்தவர்களின் கணக்கைத் தனியே பிரித்தால் பிளவு இன்னும் ஆழமாகும்.

இப்போது ஒரு கேள்வி. லோகியா சொன்ன மூன்று அணா சரிதானா? அறுபது விழுக்காட்டினருக்கான எண்ணாகப் பார்த்தால் அது மிகக் குறைவு. அந்தக் கணக்கு சரியென்றால் நாட்டின் அறுபது விழுக்காட்டினருக்கு மொத்த வருமானத்தில் எட்டில் ஒரு பங்குதான் போயிருக்க வேண்டும். பின்னாளில் கிடைத்த ஆதாரங்கள் அப்படிக் காட்டவில்லை. வி.எம். தண்டேகரும் நீலகண்ட ராத்தும் 1971இல் வெளியிட்ட புகழ்பெற்ற வறுமை ஆய்வு, 1960-61இல் போதிய உணவு பெறக் கிராமத்தில் ஆளுக்கு ஆண்டுக்கு 180 ரூபாய் தேவை என்று கணித்தது. நாளுக்குக் கிட்டத்தட்ட எட்டு அணா. கிராம மக்களில் நாற்பது விழுக்காட்டினர் அந்த எட்டு அணாவுக்குக் கீழே இருந்தார்கள் என்றது. நகரங்களுக்கு அவர்கள் வைத்த கோடு 270 ரூபாய். அதற்குக் கீழே பாதிப் பேர். இந்தக் கணக்குக்கு நந்தாவின் ஏழரைதான் நெருங்கி வருகிறது, லோகியாவின் மூன்று அல்ல.

ஆனால் மூன்று அணா வானத்திலிருந்து விழுந்த எண்ணும் அல்ல. அரசே 1956-57இல் நடத்திய இரண்டாவது விவசாயத் தொழிலாளர் விசாரணை என்ற பெரிய ஆய்வு இருக்கிறது. ஒரு விவசாயக் கூலிக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 437 ரூபாய் என்றது அது. ஆளுக்கு ஆண்டுக்கு 99 ரூபாய் சொச்சம். நாளுக்கு நான்கு அணாவுக்குக் கொஞ்சம் மேல். அதிர்ச்சி என்னவென்றால், ஆறு ஆண்டுகளுக்கு முன் 1950-51இல் நடந்த முதல் விசாரணையில் இதே குடும்ப வருமானம் 447 ரூபாயாக இருந்தது. முதல் ஐந்தாண்டுத் திட்டம் முழுவதும் நடந்து முடிந்த பின் கூலிக் குடும்பத்தின் வருமானம் பத்து ரூபாய் குறைந்திருந்தது. அவர்களுடைய கடன் மட்டும் ஏறியிருந்தது. இது எதிர்க்கட்சிக்காரர் தயாரித்த துண்டறிக்கை அல்ல, அரசாங்கத்தின் அச்சிட்ட அறிக்கை. சேற்றில் இறங்கி நாற்று நட்டவர்களைப் பற்றிப் பேசும்போது மூன்று அணா என்பது மிகைப்படுத்தலாக இருக்கலாம், கற்பனை அல்ல.

இதைவிடவும் கனமான ஒரு எண் திட்டக் குழுவின் அலமாரியிலேயே இருந்தது. 1962 ஜூலையில் அறிஞர்கள் குழு ஒன்று கூடி, ஒரு இந்தியன் மனிதனாக வாழ மாதத்துக்கு எவ்வளவு வேண்டும் என்று கணித்தது. 1960-61 விலையில் ஆளுக்கு 20 ரூபாய். ஐந்து பேர் குடும்பத்துக்கு 100 ரூபாய், நகரத்தில் 125. மருத்துவமும் கல்வியும் இதில் அடங்கவில்லை, அவற்றை அரசு தரும் என்று வைத்துக்கொண்டார்கள். பீதாம்பர் பந்த் தலைமையில் இயங்கிய தொலைநோக்குத் திட்டப் பிரிவு இந்த 20 ரூபாயை அடிப்படையாக வைத்து, பதினைந்து ஆண்டுகளில் எல்லோரையும் அந்தக் குறைந்தபட்ச நிலைக்குக் கொண்டுவர என்ன செய்ய வேண்டும் என்று ஓர் ஆவணம் தயாரித்தது. இந்தியாவின் வறுமைக்கோடு பிறந்தது அங்கேதான்.

மாதம் 20 ரூபாய் என்பதை அணாவுக்கு மாற்றினால் நாளுக்குப் பத்தரை அணாவைத் தாண்டும். லோகியாவின் மூன்றைத் தள்ளிவிட்டு நந்தாவின் ஏழரையையே ஏற்றுக்கொண்டாலும், நாட்டின் அறுபது விழுக்காட்டினரின் சராசரி வாழ்வு, அரசின் நிபுணர்களே வகுத்த குறைந்தபட்சத்தைவிட மூன்று அணா கீழே கிடந்தது. அரசு தன் பதிலைச் சொல்லி முடித்தபோது தன் தோல்வியையும் சேர்த்தே அவைக்குறிப்பில் பதிவு செய்துவிட்டது. அதனால்தான் எதிர்க்கட்சி சொல்லும் எண் கொஞ்சம் முன்பின் இருப்பதை வைத்து மட்டும் அதன் கேள்வியைத் தள்ளிவிடக் கூடாது. புள்ளிவிவரத் துறையும் அமைச்சகங்களும் அரசின் கையில் இருக்கின்றன. எதிர்வரிசையில் இருப்பவருக்கு நூலகமும் தன் தலையும்தான் துணை. சரியான எண்ணை மேசைமேல் வைக்க வேண்டிய கடமை அரசுக்கே உரியது. அதை வைக்கும்படி செய்வது எதிர்க்கட்சியின் வேலை.

நேருவுக்குச் சேர வேண்டிய பெருமையையும் இங்கே சொல்லிவிட வேண்டும். சராசரிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்ற கேள்வி அவருக்குப் புதிதல்ல. திட்டங்களால் கூடிய வருமானம் யாரிடம் போய்ச் சேர்ந்தது என்று பார்க்க வேண்டும் என்று 1960 ஆகஸ்டிலேயே அவர் நாடாளுமன்றத்தில் சொல்லியிருந்தார். அதையொட்டித்தான் பி.சி. மஹலனோபிஸ் தலைமையில் ஒரு குழு அமைந்தது. அந்தக் குழுவின் முதல் அறிக்கை 1964 பிப்ரவரியில் வந்து, வருமானமும் செல்வமும் சிலரிடம் குவிந்திருப்பதைச் சுட்டியது. தொடர்ந்து அதே ஆண்டில் ஏகபோக விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டு, 1969இல் ஏகபோகக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்குப் பதில் சொன்னபோதும் இத்தகைய சோதனைகள் அவ்வப்போது வருவது நல்லதுதான் என்ற பொருளில் நேரு பேசினார். தன்னை அவ்வளவு கடுமையாகத் தாக்கியவரின் ஒரு எண்ணுக்காகத் தனி விவாதமே நடக்க விட்டார். அந்தப் பெருந்தன்மை இல்லாவிட்டால் ஏழரை அணா வெளியே வந்திருக்காது.

இந்தக் கதையில் தமிழகத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. தீர்மானம் தோற்ற இரண்டே நாட்களில் காமராஜர் திட்டம் செயலுக்கு வந்தது. மத்திய அமைச்சர்கள் ஆறு பேரும் முதல்வர்கள் ஆறு பேரும் பதவி விலகிக் கட்சிப் பணிக்குப் போனார்கள். அந்தப் பட்டியலில் மொரார்ஜி தேசாய் இருந்தார். நிதியமைச்சகம் டி.டி. கிருஷ்ணமாச்சாரியிடம் வந்தது. முந்த்ரா ஊழல் விவகாரத்தில் 1958இல் அதே பதவியை இழந்தவர் அவர். கட்டாய வைப்புத் திட்டத்தின் பிடியை அவர் தளர்த்தினார். 1964இல் இன்னொரு காரியமும் செய்தார். 1957இல் அவரே கொண்டுவந்து, பின்னர் 1962இல் மொரார்ஜி நீக்கிய செலவு வரியைத் திரும்பக் கொண்டுவந்தார். சம்பாதிப்பதற்குப் பதிலாகச் செலவழிப்பதற்கு வரி. ஆடம்பரமாகச் செலவிடுபவரைப் பிடிக்கும் ஏற்பாடு. தனிமனிதச் செலவுக்கு உச்சவரம்பு வேண்டும் என்று ஓயாமல் கேட்டுவந்த லோகியாவின் குரலுக்கும் இதற்கும் தொலைவு அதிகமில்லை. ஆனால் வசூல் சொற்பம், நிர்வாகத் தொல்லை ஏராளம். 1966இல் அது மறுபடி போயிற்று.

லோகியாவின் கையில் அன்று என்னென்ன கருவிகள் இருந்தன என்று பார்ப்பதும் உதவும், ஏனென்றால் இன்றைய உறுப்பினரிடமும் அவையே இருக்கின்றன. சட்டத்தின் அதிகாரமில்லாமல் எந்த வரியும் போடக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 265ஆவது பிரிவு. ஆண்டு வரவுசெலவு அறிக்கையை அவையில் வைக்கச் சொல்கிறது 112ஆவது பிரிவு. ஒவ்வொரு அமைச்சகமும் தனக்கு வேண்டிய பணத்தை மானியக் கோரிக்கையாக மக்களவையிடம் கேட்டு வாங்க வேண்டும். அப்போது உறுப்பினர் வெட்டுத் தீர்மானம் கொண்டுவரலாம். அமைச்சகத்தின் கொள்கையே தவறு என்றால் கேட்ட தொகையை ஒரு ரூபாயாகக் குறைக்கச் சொல்லலாம். குறிப்பிட்ட குறை ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் நூறு ரூபாய் குறைக்கச் சொல்லலாம். ஆளும் கட்சிக்குப் பெரும்பான்மை இருக்கும் வரை அவை நிறைவேறாது. நிறைவேறுவது அவற்றின் நோக்கமும் இல்லை. அமைச்சர் எழுந்து பதில் சொல்ல வேண்டும், அது அச்சில் ஏற வேண்டும். ஏழரை அணா அச்சில் ஏறியதைப்போல.

செலவழித்து முடித்த பணத்தைப் பார்ப்பது பொதுக் கணக்குக் குழு. தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கையை எடுத்துவைத்துக்கொண்டு துறைச் செயலர்களைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்கும் குழு. மக்களவையிலிருந்து 15 பேர், மாநிலங்களவையிலிருந்து 7 பேர். அமைச்சர்கள் அதில் இருக்க முடியாது. சுதந்திரத்துக்குப் பின் இருபது ஆண்டுகள் அதன் தலைவர் ஆளும் கட்சிக்காரராகவே இருந்தார். 1967இல்தான் எதிர்க்கட்சியிலிருந்து ஒருவர் தலைவரானார். லோகியாவோடு 1963 இடைத்தேர்தலில் வென்று வந்த அதே மினு மசானி. பொருளாதாரக் கொள்கையில் மசானி வலப்பக்கம், லோகியா இடப்பக்கம். அரசின் பணப்பையைத் திறந்து காட்டச் சொல்வதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அந்த ஆண்டு அக்டோபரில், 57 வயதில் லோகியா இறந்துபோனார்.

கருவிகள் அப்படியே இருக்கின்றன. நேரம்தான் தேய்ந்துவிட்டது. முதல் மக்களவை ஆண்டுக்குச் சராசரி 135 நாட்கள் கூடியது. 2024இல் முடிந்த 17ஆவது மக்களவையின் சராசரி 55 நாட்கள். மானியக் கோரிக்கைகளுக்கு ஒதுக்கிய காலம் முடிந்துவிட்டால், விவாதிக்காத கோரிக்கைகளை எல்லாம் மொத்தமாக வாக்கெடுப்புக்கு விட்டு ஒரே மூச்சில் நிறைவேற்றுவார்கள். நாடாளுமன்ற வழக்கில் இதற்குக் கில்லட்டின் என்று பெயர். ஒரு சில அமைச்சகங்களையாவது விவாதித்துவிட்டு மீதியை இப்படி முடிப்பது பழைய வழக்கம். 2018இல் எந்த அமைச்சகத்தின் கோரிக்கையும் விவாதிக்கப்படாமல் எல்லாமே கில்லட்டினுக்குப் போயிற்று. 2023 மார்ச்சில் அதுவே மறுபடி நடந்தது. 45 லட்சம் கோடி ரூபாய்க்கான செலவுத் திட்டம், அவையில் அமளி நடந்துகொண்டிருக்கும்போதே சில நிமிடங்களில் நிறைவேறியது. அமளிக்குக் காரணம் யார் என்பதில் இரு தரப்புக்கும் தனித்தனி நியாயம் இருக்கும். அந்த ஆண்டு எந்த அமைச்சரும் தன் துறையின் செலவுக்கு மக்களவையில் எழுந்து பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எதிர்க்கட்சிக்கு இதைவிடப் பெரிய இழப்பு கிடையாது. கூச்சலில் அவை முடங்கும் ஒவ்வொரு நாளும் அரசுக்குத்தான் வசதி. லோகியாவும் அவையில் சத்தம் போட்டவர்தான், ஆனால் சத்தம் அடங்கியதும் எண்ணோடு எழுந்து நின்றார்.

எண்ணோடு எழுந்து நிற்க எண் வேண்டும். அதுவும் இன்று எளிதாகக் கிடைப்பதில்லை. குடும்பங்களின் நுகர்வுச் செலவு பற்றிய 2017-18 கணக்கெடுப்பின் முடிவை, தரவின் தரம் சரியில்லை என்று சொல்லி அரசு வெளியிடாமல் நிறுத்திவிட்டது. 2011-12க்குப் பிறகு அடுத்த கணக்கெடுப்பின் முடிவு வெளியே வந்தது 2024 பிப்ரவரியில்தான். நடுவிலிருந்த ஆண்டுகளில் பணமதிப்பு நீக்கமும் சரக்கு சேவை வரியும் கொரோனாவும் வந்து போயின. ஏழையின் கையில் நாளுக்கு எவ்வளவு மிஞ்சியது என்று கேட்ட உறுப்பினருக்குக் காட்ட அரசிடம் வெளியிட்ட கணக்கு எதுவும் இருக்கவில்லை.

வருமானம் பற்றிய கணக்கின் நிலை இன்னும் மோசம். மக்கள் எவ்வளவு செலவழிக்கிறார்கள் என்று பல பத்தாண்டுகளாக எண்ணிவரும் இந்திய அரசு, அவர்கள் எவ்வளவு சம்பாதிக்கிறார்கள் என்பதை நாடு தழுவிய முறையான கணக்கெடுப்பாக நடத்தி முடித்ததில்லை. அத்தகைய முதல் குடும்ப வருமானக் கணக்கெடுப்பு 2026இல் நடக்கும் என்று மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் 2025இல் அறிவித்தது. அதன் முடிவு வெளிவரும்போது கீழ்த்தட்டு அறுபது விழுக்காட்டினரின் எண்ணைத் தனியே தருகிறார்களா, அதை விவாதிக்க மக்களவை எத்தனை மணி நேரம் ஒதுக்குகிறது, அன்று எழுந்து கேட்க யார் தயாராக வருகிறார்கள் என்பதையெல்லாம் நாம் கவனித்துப் பார்க்க வேண்டும்.